சரிவு நிலத்தைத் திருத்துவோர் கவனிக்க வேண்டிய மண் காப்பு விதிகள்

நிலந் திருத்துதல் என்றால் புதர் வெட்டி, கல் பொறுக்கி, தரிசை உழவுக்குக் கொண்டுவருதல் என்றே நம் முன்னோர் பொருள் கொண்டனர். இக்காலத்தில் வீட்டுமனை பிரித்தல், பாட்டை வெட்டுதல், தேயிலைக்கும் கிழங்குக்கும் மலைச்சரிவை வெட்டிச் சமப்படுத்துதல் ஆகிய யாவும் அதில் அடங்கும். வேலை எதுவாயினும் முதலில் நேர்வது ஒன்றே. மண்ணை மூடியிருந்த பசும்போர்வை நீங்குகிறது. அது நீங்கிய நாள் தொட்டு, மறுபடியும் வேர் பிடிக்கும் நாள் வரையில் உள்ள இடைக்காலமே மண்ணுக்கு ஆபத்தான காலம். அந்த இடைக்காலத்தைக் காப்பதற்கென ஏற்பட்டவையே மண் காப்பு விதிகள். அவற்றின் நோக்கத்தையும், அனுசரிக்கும் முறையையும் நீலகிரி ஜில்லாவை உதாரணமாகக் கொண்டு இங்கே விளக்குவோம்.

மண் போகும் வழி

மழைத்துளி வெறும் மண்ணின்மேல் விழும்பொழுது சம்மட்டிபோல் அடித்துக் கட்டியைப் பொடியாக்குகிறது. பொடி மண் நிலத்தின் நுண்ணிய துவாரங்களை அடைத்துவிடுவதால், நீர் உள்ளே இறங்காமல் மேலே ஓடத் தொடங்குகிறது. முதலில் மெல்லிய படலமாக மேல்மண்ணை வழித்துச் செல்கிறது. பின்னர் விரற்கடை ஆழமுள்ள சிறு கால்களாகி, நாளடைவில் ஆள் இறங்கும் ஓடையாகிறது. ஓடும் நீரின் வேகம் இரட்டித்தால் அதன் அரிக்கும் வலிமை ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகவே சரிவு செங்குத்தாக ஆக, அபாயமும் பன்மடங்காகப் பெருகுகிறது.

நஷ்டத்தின் அளவைக் கண்ணால் மதிப்பிட முடியாது. ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள மண் போனால், குடியானவர் கண்ணுக்கு ஒன்றும் குறைந்ததாகத் தோன்றாது. ஆயினும் கணக்குப் பார்த்தால் அது நாலு கன மீட்டர். நிறையில் சுமார் ஐந்து டன். அரை டன் ஏற்றும் மாட்டு வண்டியில் பத்து வண்டி மண். அதுவும் எருவும் சத்தும் நிறைந்த மேல்மண். ஓர் அங்குல மேல்மண் உண்டாக இயற்கைக்கு நூற்றுக்கணக்கான வருஷங்கள் பிடிக்கும். அதை ஒரு பருவ மழையில் இழந்துவிடலாம்.

மேலே போனது கீழே சேரும்

போன மண் மறைந்துவிடுவதில்லை. நீலகிரியின் தென்பகுதி நீர் பவானியிலும், வடபகுதி நீர் மாயாற்றிலும் சேர்கிறது. குந்தாப் பகுதியின் நீரைத் தேக்கும் பில்லூர் அணை மின்சாரம் உண்டாக்குவதுடன் கோயம்புத்தூர் நகருக்குக் குடிநீரும் அளிக்கிறது. அவ்வணையில் வண்டல் படிந்து கொள்ளளவு குறைந்திருப்பது யாவரும் அறிந்ததே. அதற்கும் கீழே, 1955ஆம் வருஷம் கட்டி முடிந்த பவானிசாகர் அணையை நம்பி ஈரோட்டுச் சீமையின் வயல்கள் இருக்கின்றன. மலையில் ஒருவர் கிழங்குத் தோட்டத்தை மேலிருந்து கீழாகப் பார் பிடித்தால், அதன் பலனைச் சமவெளியில் முகமறியாத ஒருவர் அனுபவிக்க நேரிடுகிறது.

வண்டலால் நேர்வது மெல்ல வரும் நஷ்டம். மண்சரிவோ ஒரே இரவில் வருவது. 1978, 1993 ஆகிய வருஷங்களில் நீலகிரியில் பெருஞ் சரிவுகள் ஏற்பட்டன. 1993 நவம்பரில் குன்னூர் – மேட்டுப்பாளையம் பாட்டையில் மரப்பாலத்தருகே நேர்ந்த சரிவு பாட்டையையே கொண்டுபோயிற்று. 2009 நவம்பர் மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். பெருமழை சரிவுக்குக் காரணமெனினும், அடிவாரம் வெட்டப்பட்ட கரையும், வழியடைக்கப்பட்ட ஓடையுமே அம்மழைக்கு இடங்கொடுக்கின்றன. மழையைத் தடுக்க நம்மால் இயலாது. மற்ற இரண்டும் நம் கையில் இருப்பவை.

சட்டங்கள்

இவ்விஷயத்தில் சர்க்கார் தலையிடுவது புதிதன்று. சம உயர வரப்பும் சம உயர அகழியும் போடுவதற்கென்றே 1949ஆம் வருஷத்தில் சென்னை மாகாணத்தில் நில அபிவிருத்தித் திட்டச் சட்டம் இயற்றப்பட்டது. அதனிடத்தில் 1959இல் விரிவான சட்டம் வந்தது. 1955ஆம் வருஷத்து மலைப்பிரதேச மரப் பாதுகாப்புச் சட்டம் மரம் வெட்டுவதை மட்டுமன்றி, மலைப்பிரதேசங்களில் நிலத்தைச் சாகுபடி செய்வதையும் ஒழுங்குபடுத்துகிறது. 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழு நியமிக்கப்பட்டது. நீலகிரியில் கட்டடங்கள் 7 மீட்டர் உயரத்திற்கு மேற்படக் கூடாதென 1993இல் வரையறுக்கப்பட்டது. மண் வெட்டும் இயந்திரங்களை அனுமதியின்றி உபயோகிப்பதற்கும் ஜில்லா நிர்வாகம் தடை விதித்திருக்கிறது. ஐம்பது ஆட்கள் ஒரு மாதத்தில் வெட்டும் கரையை இயந்திரம் இரண்டொரு நாளில் வெட்டிவிடும். அதிகாரி வந்து பார்ப்பதற்குள் மலை மாறிவிடுகிறது. ஆதலால் அனுமதி வேலைக்கு முன்னரே பெறவேண்டியது அவசியமாகிறது.

வேலையில் அனுசரிக்க வேண்டியவை

முதலாவது, காலம். தென்மேற்குப் பருவமழை ஜூனிலும், வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலும் தொடங்குகின்றன. ஆகையால் தை மாதம் முதல் பங்குனி முடியவுள்ள காலமே மண் வேலைக்கு ஏற்றது. முழு நிலத்தையும் ஒரே சமயத்தில் திறந்துவிடாமல், பகுதி பகுதியாக வெட்டி, ஒன்றை மூடிய பின்னரே அடுத்ததைத் தொடவேண்டும்.

இரண்டாவது, மேல்நீர். வேலை நடக்கும் இடத்திற்கு மேற்புறத்தில் குறுக்கு வாய்க்கால் ஒன்று வெட்டி, மேலிருந்து வரும் நீரைப் பக்கத்திலுள்ள பத்திரமான ஓடைக்குத் திருப்பிவிட வேண்டும். இதை முதலில் செய்யாமல் வேறெதைச் செய்தாலும் பயனில்லை.

மூன்றாவது, மேல்மண்ணும் வெட்டிய மண்ணும். மேல்மண்ணைத் தனியே குவித்து, வேலை முடிந்ததும் பரப்ப வைத்துக்கொள்ள வேண்டும். அடிமண்ணைச் சரிவில் தள்ளுவதும், ஓடையில் கொட்டுவதும் அறவே கூடாது. ஓடை அடைபட்டால் நீர் வேறு வழி தேடும். அவ்வழி பெரும்பாலும் ஒருவர் வீட்டு முற்றமாக இருக்கும்.

நான்காவது, படிகள். சாகுபடிக்கான சரிவை உட்புறம் சாய்ந்த படிக்கட்டு வயல்களாக அமைத்தல் நன்று. படி வெளிப்புறம் சாய்ந்தால் நீர் விளிம்பை உடைக்கும். உட்புறம் சாய்ந்தால் நீர் மலையோரமுள்ள வாய்க்காலில் நின்று நிதானித்துச் செல்லும். சம உயரக் கோட்டைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி வேண்டுவதில்லை. சம நீளமுள்ள இரண்டு கழிகளை உச்சியில் கட்டி, நடுவே குறுக்குச் சட்டம் அடித்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டால் போதும். சமதரையில் கழிகளின் கால்களை வைத்து, நூல் குறுக்குச் சட்டத்தில் படும் இடத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின் சரிவில் நூல் அக்குறியில் நிற்குமாறு கால் மாற்றி நடந்து முளை அடித்துச் சென்றால், முளைகள் யாவும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

ஐந்தாவது, வண்டல் குழி. வாய்க்கால் ஓடையில் சேருமுன் ஆங்காங்கே குழி வெட்டினால் நீரின் வேகம் தணிந்து மண் அடியில் தங்கும். குழி பாதி நிறைந்தவுடன் அள்ளி வயலிலேயே போடவேண்டும். நிறைந்த குழி இல்லாத குழிக்குச் சமானம்.

ஆறாவது, சுவரும் புல்லும். தடுப்புச் சுவரில் நீர் கசியத் துவாரங்கள் விடாவிடின், பின்னால் தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும். வெட்டிய கரையில் மழைக்கு முன்னரே புல் நடவேண்டும். தாழ்ந்த சரிவுகளுக்கு வெட்டிவேர் உத்தமம்.

தனியொருவரால் ஆகாத காரியம்

மேற்கண்ட முறைகளை ஒரு குடியானவர் தம் இரண்டு ஏக்கரில் மாத்திரம் செவ்வனே செய்து முடித்தார் என்று வைத்துக்கொள்வோம். அவர் நிலத்திற்கு மேலுள்ளவர் வாய்க்கால் வெட்டாமல் விட்டால், மேலிருந்து வரும் நீர் முழுவதும் இவருடைய வரப்பின்மேல் மோதும். வரப்பு உடைந்தால், வரப்பே இல்லாதிருந்த காலத்தைவிட நஷ்டம் அதிகமாகும். நீருக்கு சர்வே நம்பர் தெரியாது. இதனால் வேலை மலையுச்சியில் தொடங்கிக் கீழ்நோக்கி வரவேண்டும் என்பதும், சரிவு முழுவதையும் ஒரே திட்டமாகக் கொள்ளவேண்டும் என்பதும் விளங்கும்.

இங்கே ஒரு நியாயத்தையும் கவனிக்க வேண்டும். செலவு மேலுள்ளவருக்கு, லாபம் கீழுள்ளவருக்கு என்றிருந்தால், விதி எவ்வளவு கடுமையாயினும் நிலைக்காது. சிறு குடியானவர் அனுமதிக்காகப் பல ஆபீசுகளுக்கு நடந்து அலுத்து, இரவோடிரவாகக் கரையை வெட்டிவிடுகிறார். அபராதம் விதித்தால் அவர் வருந்துவார். போன மண் திரும்பாது. ஆகவே தண்டனைக்கு முன்னதாக யோசனையும் உதவியும் அவர் வாசலுக்கு வரவேண்டும்.

இதற்குக் கூட்டுறவே தக்க வழி என்பது நமது அபிப்பிராயம். ஒரே ஓடைக்கு நீர் வடியும் நிலங்களை உடைய அனைவரும் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஏக்கருக்கு இவ்வளவு என்று பொதுநிதி திரட்டலாம். மேல்வாய்க்காலையும், ஓடைக் கரையையும் பொதுச் செலவில் அமைத்து, கீழுள்ளவர் பங்கைச் சிறிது கூட்டி வாங்கலாம். வண்டல் குழிகளை மழைக்கு முன்னும் பின்னும் முறை வைத்துத் தூர்வாரலாம். சங்கத்தில் நிலத்திருத்தக் கடன் கோருபவர் மனுவுடன் மேல்நீருக்கு வழி எது, வெட்டிய மண் எங்கே சேரும் என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடை எழுதித் தருமாறு குழு கேட்கலாம். இவ்விரண்டுக்கும் விடை தெரிந்தவரே வேலைக்குத் தயாரானவர்.

ஏரிப் பாசனமுள்ள கிராமங்களில் குடிமராமத்து என்ற பெயரில் ஊரார் ஒன்றுகூடி வாய்க்காலைத் தூர்வாரிய வழக்கம் நம் நாட்டிற்குப் புதிதன்று. சமவெளியில் நீரைக் காக்க ஏற்பட்ட அவ்வொழுங்கை மலைச்சரிவில் மண்ணைக் காக்கவும் கைக்கொள்ள வேண்டும். வரும் தை மாதத்தில் நிலந் திருத்த எண்ணியிருப்போர், மண்வெட்டியை எடுக்குமுன் மேலண்டை நிலத்தாரையும் கீழண்டை நிலத்தாரையும் ஒரு நாள் அழைத்துச் சரிவு முழுவதையும் கூடி நடந்து பார்ப்பார்களாக.