அடிக்கடி எரிந்துபோகும் பகல்விளக்கு

கனடாவில் 1989 டிசெம்பர் முதல் புதிய வாகனங்களுக்குப் பகல்விளக்கு கட்டாயம். மாற்றிய மின்குமிழ் சில வாரங்களிலேயே மீண்டும் எரிந்துபோனால், இன்னொன்று வாங்குமுன் காரணத்தைத் தேடுவோம். ஒரே செலவு கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் அப்படித்தானே செய்கிறோம்!

இயந்திரம் ஓடும்போது பற்றரியின் இரு முனைகளிலும் மல்ரிமீற்றரை வைத்துப் பார்ப்போம். 13.5 முதல் 14.7 வோல்ற் வரை பொதுவாகச் சரி. 15ஐத் தாண்டி நின்றால் அல்ரனேற்றரின் மின்னழுத்தச் சீராக்கியைச் சோதிக்கவேண்டும். மின்னழுத்தம் 5 சதவீதம் கூடினாலே குமிழின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும்.

அளவு சரியென்றால், குமிழ் பொருத்தும் இடத்தில் துரு, ஈரம், தளர்வு உண்டா என்று பார்ப்போம். ஹலோஜன் குமிழின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக்கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை அதைக் கெடுக்கும்.

பனிமூட்டத்தில் எதிரே வருபவர் நம் பிள்ளைகளின் வாகனத்தைக் காண்பது இந்த வெளிச்சத்தால்தான்.