ஜெர்மனி 'பச்சை நரகத்தில்' கார் ஓட்ட ஆசையா? டிக்கெட் 30 யூரோ... தடுப்பில் மோதினால் தலையில் துண்டு!

உலகின் மிக ஆபத்தான பந்தயப் பாதைகளில் ஒன்று ஜெர்மனியில் உள்ள நூர்பர்க்ரிங். கார் பந்தய வீரர்களையே நடுங்க வைத்த இந்த பாதையில், லைசென்ஸ் வைத்திருக்கும் யார் வேண்டுமானாலும் பணம் கட்டி கார் ஓட்டலாம் என்பது பலருக்கு தெரியாத விஷயம்.

தெரிந்தவர்களும் பாதிதான் தெரிந்து வைத்திருக்கிறார்கள். 'விசா எடுத்தோமா, ஏர்போர்ட்டில் வாடகை கார் பிடித்தோமா, போய் ஒரு ரவுண்டு அடித்தோமா' என்று திட்டம் போடுகிறார்கள். இந்த திட்டத்தில் உள்ள ஒரே ஒரு ஓட்டை, பல வருட சேமிப்பை ஒரே நாளில் காலி செய்துவிடும்.

ஜெர்மனியின் மேற்கே ஐபல் மலைப்பகுதியில், நூர்பர்க் என்ற குட்டி கிராமத்தை சுற்றி ஓடுகிறது இந்த பாதை. வேலையில்லா திண்டாட்டம் தலைவிரித்து ஆடிய 1925-ம் ஆண்டில், அந்த வட்டார மக்களுக்கு வேலை கொடுப்பதற்காகவும் சேர்த்து தொடங்கப்பட்ட கட்டுமானம். 1927-ம் ஆண்டு ஜூன் மாதம் திறக்கப்பட்டது.

இதன் வடக்கு பாதைக்கு 'நார்ட்ஷ்லைபே' என்று பெயர். நீளம் 20.8 கி.மீ. சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள பந்தயப் பாதை 3.7 கி.மீ.தான். அதைப்போல 5 மடங்குக்கும் மேல்! 70-க்கும் மேற்பட்ட வளைவுகள், சுமார் 300 மீட்டர் ஏற்ற இறக்கம். இருபுறமும் அடர்ந்த காடு. பல இடங்களில் சாலை ஓரத்துக்கும் இரும்பு தடுப்புக்கும் நடுவே ஒரு சின்ன புல் பட்டைதான் இடைவெளி.

1968-ம் ஆண்டு கொட்டும் மழையிலும் மூடுபனியிலும் இங்கே நடந்த பந்தயத்தில், 4 நிமிடத்துக்கும் மேலான வித்தியாசத்தில் ஜெயித்தவர் ஜாக்கி ஸ்டூவர்ட். அவர் வைத்த பெயர்தான் 'பச்சை நரகம்'.

1976-ம் ஆண்டு ஆகஸ்டு 1-ந்தேதி உலக சாம்பியன் நிக்கி லாடாவின் கார் இங்கே தடுப்பில் மோதி தீப்பிடித்தது. சக வீரர்கள்தான் ஓடிவந்து அவரை வெளியே இழுத்துப் போட்டார்கள். முகமெல்லாம் கருகிய அவர் 6 வாரத்தில் மீண்டும் பந்தயத்துக்கு திரும்பியது தனிக்கதை. ஆனால் பார்முலா ஒன் பந்தயம் அதன்பிறகு வடக்கு பாதைக்கு திரும்பவே இல்லை.

பக்கத்திலேயே 1984-ம் ஆண்டு புது பாதை ஒன்று திறக்கப்பட்டது. நம்ம ஊர் நரேன் கார்த்திகேயன் 2005-ம் ஆண்டு ஐரோப்பிய கிராண்ட் பிரியில் ஓட்டியது அந்த புது பாதையில்தான். பொதுமக்கள் கனவு காண்பதோ பழைய பாதைக்கு!

அது டோல் ரோடு!

பொதுமக்களுக்கு திறந்துவிடும் நேரத்தில் இந்த பாதை பந்தய மைதானம் அல்ல. சட்டப்படி, கட்டணம் வசூலிக்கும் ஒருவழிச்சாலை. அவ்வளவுதான். ஜெர்மனியின் சாலை போக்குவரத்து விதிகள் அப்படியே பொருந்தும்.

இடதுபக்கமாகத்தான் முந்த வேண்டும். போட்டி போடக்கூடாது. ஸ்டாப்வாட்ச் வைத்து நேரம் கணக்கிடக்கூடாது. ஓட்டிக்கொண்டே வீடியோ எடுக்கக்கூடாது. நடுவழியில் போட்டோவுக்காக நிறுத்துவது தற்கொலைக்கு சமம்.

மோட்டார் சைக்கிள் ரசிகர்களுக்கு ஒரு கசப்பான செய்தி. பல ஆண்டுகளாக பைக்குகளும் சுற்றி வந்தன. 2025-ம் ஆண்டு சீசன் முதல் இந்த பொதுமக்கள் நேரத்தில் பைக்குகளுக்கு அனுமதி இல்லை. பழைய வீடியோக்களை பார்த்துவிட்டு பைக் கனவோடு கிளம்பினால் ஏமாற்றம்தான்.

கட்டணம் சுற்றுக்கு 30 யூரோவையொட்டி வருகிறது. வார இறுதியில் இன்னும் கொஞ்சம் கூடும். நம்ம ஊர் பணத்தில் சுமார் 3 ஆயிரம் ரூபாய். 20 கி.மீ. சாலைக்கு 3 ஆயிரமா என்று வாயைப் பிளக்க வேண்டாம். செலவில் இதுதான் ரொம்ப சின்ன தொகை.

ஓட்டை எங்கே?

பிராங்பர்ட் ஏர்போர்ட்டில் எடுக்கும் சாதாரண வாடகை காரை இந்த பாதையில் இறக்கக்கூடாது. வாடகை ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இதற்கு தடை இருக்கும். மீறி ஓட்டி விபத்து நடந்தால் காருக்கான இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். முழு காரின் விலையும் ஓட்டியவர் தலையில்!

'யாருக்கு தெரியப்போகிறது' என்று நினைப்பவர்களும் உண்டு. எந்த கார் எங்கே போனது என்பதை கண்டுபிடிக்கும் கருவிகள் வந்துவிட்ட காலம் இது. நுழைவாயில் அருகே கேமராவோடு நிற்கும் ரசிகர்கள் கூட்டம் வேறு. எனவே அந்த கார் பார்க்கிங் வரைக்கும் மட்டும்தான்.

அப்படியானால் எதை ஓட்டுவது? இதற்கென்றே நூர்பர்க்கை சுற்றி வாடகை நிறுவனங்கள் கடை விரித்திருக்கின்றன. கூடுதல் பிரேக், பந்தய சீட், பாதுகாப்பு கம்பிக்கூண்டு எல்லாம் பொருத்திய சின்ன கார் முதல் அசுர வேக கார் வரை கிடைக்கும். சில சுற்றுகள் சேர்ந்த பேக்கேஜ் சில நூறு யூரோவில் தொடங்கும்.

ஒப்பந்தத்தில் கையெழுத்து போடும் முன் 3 கேள்விகளை கேட்டே ஆக வேண்டும். முதலாவது, கார் நொறுங்கினால் வாடிக்கையாளர் கட்ட வேண்டிய அதிகபட்ச தொகை என்ன? இது பல ஆயிரம் யூரோவாக இருக்கும். அந்த தொகையை கிரெடிட் கார்டில் பிடித்து வைப்பார்களா என்பதையும் சேர்த்து கேட்க வேண்டும்.

இரண்டாவது, இரும்பு தடுப்பு சேதமானால் யார் கட்டுவது? இந்த பாதையில் தடுப்பை இடித்தால் சேதத்தை அளந்து பார்த்து பில் போடுவார்கள். காரை தூக்கிச் செல்லும் வண்டிக்கு தனி பில். சாலையில் கொட்டிய ஆயிலை சுத்தம் செய்ய தனி பில். இதெல்லாம் முதலில் சொன்ன அதிகபட்ச தொகைக்குள் அடங்குமா, வெளியே நிற்குமா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்தில் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, என்ஜின், கியர் பழுதானால் யார் பொறுப்பு?

பதில்களை கேட்டபிறகு, 'இந்த தொகை போனாலும் நம்மால் தாங்க முடியுமா' என்று வீட்டில் உட்கார்ந்து கணக்கு போட வேண்டும். தாங்க முடியாது என்றால் ஓட்டுவதை விட்டுவிட்டு, தேர்ந்த டிரைவர் ஓட்ட பக்கத்து சீட்டில் உட்கார்ந்து ஒரு சுற்று வருவது புத்திசாலித்தனம். இதில் கவுரவ குறைச்சல் எதுவும் இல்லை.

அப்படி பக்கத்து சீட்டு பயணத்துக்கே புகழ் சேர்த்தவர் சபீன் ஷ்மிட்ஸ். 'ரிங் டாக்சி' ஓட்டியே உலகப் புகழ் பெற்ற பெண். 1996, 1997-ம் ஆண்டுகளில் இங்கே நடந்த 24 மணி நேர பந்தயத்தை ஜெயித்த அணியில் இருந்தவர். ஒரு டி.வி. நிகழ்ச்சிக்காக சரக்கு ஏற்றும் போர்டு டிரான்சிட் வேனை 10 நிமிடம் 8 வினாடியில் ஓட்டி முடித்தார். வேனுக்கே அந்த நேரம்! 2021-ல் அவர் இறந்ததும் பாதையின் முதல் வளைவுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

காகித வேலைகள்

இந்தியர்களுக்கு ஷெங்கன் விசா தேவை. 6 மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை காலத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பது குதிரைக்கொம்பு என்பதால் சீக்கிரம் முந்திக்கொள்வது நல்லது. கட்டணம் 2024-ம் ஆண்டு ஜூன் முதல் 90 யூரோ.

விசாவுக்கு குறைந்தது 30 ஆயிரம் யூரோ மருத்துவ காப்பீடு கட்டாயம். இங்கேயும் ஒரு பொடி எழுத்து விவகாரம் உண்டு. பல பயணக் காப்பீடுகளில் கார் பந்தயம், சாகச விளையாட்டுகளால் வரும் காயத்துக்கு பணம் கிடையாது. 'டோல் ரோட்டில் ஓட்டினேன்' என்று பிறகு வாதாடுவதை விட, கிளம்பும் முன்பே பாதையின் பெயரை குறிப்பிட்டு இ-மெயிலில் பதில் வாங்கி வைப்பது நல்லது.

லைசென்சோடு ஆர்.டி.ஓ. அலுவலகம் மூலம் கிடைக்கும் சர்வதேச ஓட்டுனர் அனுமதியும் வேண்டும். 1 ஆண்டு வரை செல்லும். ஒரிஜினல் லைசென்சை வீட்டில் வைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துப்போனால் பிரயோஜனம் இல்லை. இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

எப்போது போகலாம்?

பொதுவாக மார்ச் மாத கடைசியில் இருந்து நவம்பர் வரைதான் சீசன். அந்த மாதங்களிலும் எல்லா நாளும் திறப்பதில்லை. வாரநாட்களில் பகல் முழுவதும் கார் கம்பெனிகள் தங்கள் புது மாடல்களை சோதித்து பார்க்கும். பல நாட்களில் மாலையில் மட்டும் 2 மணி நேரம் போல பொதுமக்களுக்கு விடுவார்கள். முழு நாள் வேண்டும் என்றால் பெரும்பாலும் வார இறுதிதான்.

இதனால் விமான டிக்கெட்டுக்கு முன் பார்க்க வேண்டியது நூர்பர்க்ரிங் நிர்வாகத்தின் காலண்டர். புனித வெள்ளி அன்று ஐரோப்பாவே திரண்டு வந்ததுபோல கூட்டம் அலைமோதும். முதல்முறை போகிறவர்கள் அந்த பக்கமே தலைவைக்க வேண்டாம். வாரநாள் மாலைதான் தோது.

ஒரே ஒரு நாளை நம்பி போகவும் கூடாது. விபத்து நடந்தால் பாதையை உடனே மூடிவிடுவார்கள். சில நேரம் அன்றைக்கு திறக்கவே மாட்டார்கள். மலை வானிலை வேறு. ஒரு பக்கம் வெயில் அடிக்கும், 10 கி.மீ. தள்ளி மழை கொட்டும். 3 நாளாவது தங்குவதுபோல திட்டம் போட்டால் 1 நாளாவது உருப்படியாக கிடைக்கும்.

முதல் நாள் ஓட்டவே வேண்டாம் என்பது அனுபவசாலிகள் சொல்லும் யோசனை. நம்ம ஊரில் வலதுபக்க ஸ்டீயரிங். அங்கே இடதுபக்க ஸ்டீயரிங், வலது கையால் கியர், சாலையின் வலதுபக்கம் ஓட்ட வேண்டும். அடேனாவ் ஊரை சுற்றியுள்ள சாதாரண சாலைகளில் ஒரு பகல் ஓட்டிப் பழகிவிட்டு, மாலையில் 'ப்ருன்ஷன்' என்ற வளைவு ஓரத்தில் நின்று மற்றவர்கள் ஓட்டுவதை வேடிக்கை பார்க்கலாம். பயம் தானாக வரும். அது நல்லது.

முதல் சுற்று

வீடியோ கேமில் ஆயிரம் சுற்று ஓட்டியவர்களும் முதல் சுற்றில் திகைத்துப் போகிறார்கள். காரணம், டி.வி. திரையில் மேடு பள்ளம் தெரியாது. நேரில் கார் மேட்டில் ஏறும்போது கண்ணுக்கு வானம்தான் தெரியும். அடுத்த வளைவு இடதா, வலதா என்பது உச்சிக்கு போனபிறகுதான் புரியும். 'ப்ளூக்பிளாட்ஸ்' மேட்டில் வேகமாக போகும் கார்களின் சக்கரமே தரையை விட்டு எழும்பும்.

'கருசெல்' என்ற கிண்ணம் போன்ற கான்கிரீட் வளைவுக்குள் இறங்கினால் காரோடு பல்லும் தடதடவென்று ஆடும்.

எனவே முதல் சில சுற்றுகளில் கண் பாதி நேரம் பின்பக்க கண்ணாடியில் இருக்க வேண்டும். பின்னால் வேகமான கார் வந்தால் வலது ஓரமாக ஒதுங்கி வலது இண்டிகேட்டர் போட்டால், 'உன்னை பார்த்துவிட்டேன், போ' என்று அர்த்தம். மஞ்சள் கொடியோ, முன்னால் போகும் காரில் நாலு பக்க விளக்கும் எரிவதோ தெரிந்தால் உடனே வேகத்தை குறைக்க வேண்டும்.

2018-ம் ஆண்டு போர்ஷே நிறுவனம் ஒரு பந்தய காரை 5 நிமிடம் 19 வினாடியில் இங்கே சுற்ற வைத்தது. அதை மறந்துவிட வேண்டும். 12 நிமிடம் ஆனாலும் யாரும் சிரிக்கப் போவதில்லை. தொடர்ச்சியாக சுற்றுவதும் தப்பு. 2 சுற்றுக்கு மேல் போனால் பிரேக்கும் சூடாகும், ஓட்டுபவரின் கவனமும் சிதறும். களைப்பு வந்தபிறகு 'கடைசியாக ஒண்ணே ஒண்ணு' என்று கிளம்பும் சுற்று ரொம்ப மோசமானது.

முதல் பயணத்துக்கு மொத்தமே 4 சுற்று தாராளம். ஒவ்வொரு சுற்றும் முடியும்போது வரும் நீண்ட நேர் சாலையில் கடைசி பகுதியை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிட வேண்டும். பார்க்கிங்கில் நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை இழுக்கக்கூடாது. கொதிக்கும் பிரேக் அப்படியே ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டு நிறுத்திவிட்டு இறங்கி, கை நடுக்கம் நிற்கிற வரைக்கும் டீயோ, காபியோ குடிக்கலாம்.