உங்களுக்குத் தெரியுமா? மண் சொல்லும் துத்தநாகக் கணக்கு

வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்து குறுவைக்குத் தண்ணீர் வருமுன், தஞ்சை வயல்கள் காய்ந்து கிடக்கும் கோடையே பரிசோதனைக்கு மண் எடுக்கத் தோதான காலம். 'வி' வடிவக் குழி வெட்டி, 15 செ.மீ. ஆழம்வரை ஒரே சீராகச் சுரண்டி எடுங்கள். வரப்போரமும் எருக்குவித்த இடமும் வேண்டவே வேண்டாம். பல இடத்து மண்ணைக் கலந்து அரைக் கிலோ மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்தால் போதும்.

பரிசோதித்துத் தரும் மண்வள அட்டையில் 12 விவரங்கள் இருக்கும். டெல்டாவில் முதலில் பார்க்க வேண்டியது துத்தநாகம். தண்ணீர் தேங்கிய வயலில் அது பயிருக்கு எட்டாமல் போகும். நட்ட சில வாரங்களில் இலையில் துருநிறப் புள்ளிகள் விழும். பூஞ்சாணம் என்று மருந்தடித்தால் பணம்தான் கரையும். பற்றாக்குறை உறுதியானால், ஏக்கருக்கு 10 கிலோ ஜிங்க் சல்பேட்டை உலர்ந்த மணலில் கலந்து நடவுக்கு முன் தூவலாம். சூப்பர் பாஸ்பேட்டோடு சேர்த்துக் கலக்காதீர்கள்.