சூட்டைத் தாங்கும் நொதியங்கள்

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தேயிலைத் தொழிற்சாலைக்குப் பக்கத்தில் வாழும் எமக்கு அந்த வாசனை புதிதல்ல. ரோலரில் அரைபட்ட பச்சைக் கொழுந்து சிறிது நேரத்தில் செம்பு நிறமாகி மணக்கத் தொடங்குகிறது. இந்த மாற்றத்தைச் செய்வது, கொழுந்துக்குள்ளேயே இருக்கும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்னும் நொதியம். இதைப் புளிக்க வைத்தல் என்று சொன்னாலும், தோசை மா புளிப்பதைப் போன்றதல்ல. மாவில் வேலை செய்பவை நுண்ணுயிர்கள். கொழுந்திலோ இலையின் சொந்த நொதியமே காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு வேலை செய்கிறது.

பக்குவம் வந்ததும் கொழுந்து ட்ரையருக்குப் போகிறது. அங்கே ஏறத்தாழ 100 பாகை செல்சியஸ் சூடான காற்று வீசுகிறது. ஈரம் 3 சதவீதமளவுக்குக் குறைகிறது, நொதியமும் செயலிழக்கிறது. சூடு போதாவிட்டால் நொதியம் தொடர்ந்து வேலை செய்து சுவையைக் கெடுத்துவிடும். சூடு மிஞ்சினால் மேற்புறம் காய்ந்து உள்ளே ஈரம் தங்கிவிடும். எப்படியானாலும் நஷ்டம் கொழும்பு ஏலத்தில் தெரியும்.

சூடு நொதியத்தை ஏன் அழிக்கிறது?

நொதியம் ஒரு புரதம். நீண்ட நூல் ஒன்று குறிப்பிட்ட விதமாகச் சுருண்டு மடிந்தது போன்றது அதன் அமைப்பு. அந்த மடிப்பு இருந்தால்தான் வேலை நடக்கும். சூடு ஏறும்போது நூல் அதிர்ந்து மடிப்பு குலைகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்து இறுகுவதும் இவ்வாறே.

ஆனால், எல்லா நொதியங்களும் ஒரே சூட்டில் அழிவதில்லை. முற்றிய இறைச்சி வேக எமது பெண்கள் பச்சைப் பப்பாசிக்காய்த் துண்டு போடுவதுண்டு. அதிலுள்ள பப்பேயின், கறி நன்றாகச் சூடேறும்வரை வேலை செய்யக்கூடியது.

அழியாத நொதியம் தேவைப்படும் தொழில்களும் உண்டு. சோளம், மரவள்ளி மாப்பொருளிலிருந்து குளுக்கோசுப் பாகு எடுக்க, மாவை 100 பாகைக்கு மேல் வேகவைக்கிறார்கள். அந்தச் சூட்டிலும் மாப்பொருளை உடைக்க, பசில்லசு இனப் பற்றீரியாவிலிருந்து பெறும் அமிலேசு உதவுகிறது. அமெரிக்காவின் யெலோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் 1960களில் தோமஸ் புரொக் கண்டறிந்த பற்றீரியா ஒன்று 70 பாகையில் வளர்கிறது. அதன் நொதியமே பீ.சீ.ஆர். பரிசோதனைக்கு வழிசெய்தது. 2020இல் கொரோனாவைக் கண்டறிய உலகமெங்கும் செய்த பரிசோதனை அதுதான்.

இயற்கையில் கிடைக்காததை விஞ்ஞானிகள் உருவாக்கவும் செய்கிறார்கள். பிரிந்துவிடக்கூடிய கொழுந்துக்கூடைக்கு மேலதிகக் கட்டுப் போடுவதுபோல, புரத நூலின் தளர்ந்த இடங்களில் புதிய பிணைப்புகளை அமைப்பது ஒரு வழி. மற்றையது தெரிவு. நல்ல தாய்ச்செடியைத் தெரிந்து வீ.பீ. தேயிலைக் கன்று எடுப்பதை நாம் அறிவோம். அதுபோல, பரம்பரையலகில் சிறு மாற்றங்களைச் செய்து, பிறக்கும் ஆயிரக்கணக்கான நொதியங்களைச் சூடாக்கிப் பார்த்து, தாங்கியவற்றைத் தெரிந்து, அவற்றை மீண்டும் மாற்றுகிறார்கள். இவ்வாறு நொதியங்களைப் படிப்படியாகத் திருத்தும் முறையை வளர்த்தமைக்காக பிரான்சிஸ் ஆர்னல்டுக்கு 2018இல் இரசாயனவியல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

இதில் எமக்கு என்ன?

ட்ரையர் முன் நிற்கும் தொழிலாளி, நொதியத்தை எந்த வேளையில் நிறுத்த வேண்டும் என்பதைக் கண்ணாலும் மூக்காலும் அறிவார். அவருடைய பிள்ளையோ பாடசாலையில் "நொதியம் வெப்பத்தால் அழியும்" என்ற வரியை மனனம் செய்கிறது. இரண்டும் ஒன்றே என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்வதில்லை. உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள தோட்டப் பாடசாலைகளோ மிகச் சிலவே.

தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் தாழ்நாட்டுக் கிளை இரத்தினபுரியிலேயே இருக்கிறது. சபரகமுவ பல்கலைக்கழகம் பெலிஹுல்ஓயாவில் இருக்கிறது. அங்கெல்லாம் எமது பிள்ளைகள் ஆய்வாளர்களாக நுழைவது எப்போது?

ஆசிரியர்கள் நொதியப் பாடத்தன்று, தோட்ட நிர்வாகத்தின் அனுமதியோடு, பிள்ளைகளைத் தொழிற்சாலைக்கு அழைத்துச் செல்லலாம். பெற்றோர் தாம் அன்றாடம் செய்யும் வேலையை இரவில் பிள்ளைக்கு விளக்கிச் சொல்லலாம். இதற்குப் பணம் தேவையில்லை. எமது கை அறிந்த விஞ்ஞானத்தை எமது பிள்ளைகளின் புத்தகமும் அறியட்டும்.