எறிமேசையும் எறிகுண்டும்

திண்டிவனம்–மரக்காணம் சாலையில் உள்ள பெருமுக்கல் குன்றுக்கோட்டையை 1760-இல் அயர் கூட்டின் ஆங்கிலப் படை பிரெஞ்சுக்காரரிடமிருந்து பிடித்தது. வென்றவர்களின் நாட்டு மதுக்கடைகளில் வட்டும் கட்டையும் எறிந்து ஆடும் பழைய ஆட்டங்கள் எத்தனையோ உண்டு. அவை இந்தக் கரையின் தெருக்களுக்கு வரவில்லை. தோற்றவர்களின் எறிகுண்டு ஆட்டமான பெத்தாங்க், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தென்பிரான்சில் உருவானது என்றாலும், புதுச்சேரியில் இன்றும் ஆடப்படுகிறது. ஆட்சியைவிட ஆட்டக்கருவியே இதற்குப் பெரிய காரணம் என்பேன்.

ஸஸெக்ஸ் வட்டாரத்தின் 'குழிக்குள் தேரை' ஆட்டத்தைப் பாருங்கள். சாய்வான சிறு மேசை. அதன் மேல் ஈயத் தகடு. நடுவில் ஒரு துளை. எறிந்த பித்தளை வட்டு துளைக்குள் விழுந்தால் 2 புள்ளி, தகட்டில் தங்கினால் 1. ஈயம் மெத்தென்று இருப்பதால் வட்டு துள்ளிப் போகாமல் படிந்துவிடும்; ஆட்டத்தின் உயிரே அந்தத் தகடுதான். நார்தாம்ப்டன்ஷையரில் தோல் மெத்தை பொதிந்த மேசையில் ஒன்பது கட்டைகளை நிறுத்தி, மரவட்டால் வீழ்த்துவார்கள். இரண்டிலும் கைத்தச்சின் அழகு கொள்ளை கொள்ளும். ஆனால் மேசை இருக்கும் இடத்தில்தான் ஆட்டமும் இருக்கும்.

பெத்தாங்கில் கருவி முழுவதும் கைக்குள் அடங்கும். ஒரு காலத்தில் மரக்குண்டு முழுக்க ஆணிகளைக் கையால் அறைந்து செய்தார்கள். இப்போது உள்ளீடற்ற எஃகுக் குண்டு, 650 முதல் 800 கிராம் எடை. 6 முதல் 10 மீட்டர் தொலைவில் கிடக்கும் சின்ன மரக்குண்டை ஒட்டி அதை நிறுத்த வேண்டும். புறங்கை மேலிருக்க எறிவதால் குண்டு பின்புறமாகச் சுழன்று, மண்ணில் பட்டதும் ஓட்டம் குறைந்து நிற்கிறது. நெருங்கி நிறுத்துபவர் ஒருவர், எதிரியின் குண்டை அடித்து விலக்குபவர் இன்னொருவர். கோலி ஆடிய கைக்கு இது புதிதல்ல.

புதுச்சேரி 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்ததே காரணம் என்று சொல்லலாம். வாசலைத் திறந்தது அதுதான், மறுக்கவில்லை. ஆனால் பக்கத்திலேயே ஆங்கிலேயரும் 1947 வரை ஆண்டார்களே! அவர்களிடமிருந்து நம் தெருவுக்கு வந்தது கிரிக்கெட். அதற்குத் தென்னை மட்டையும் ஒரு பந்தும் போதும். மதுக்கடை ஆட்டங்களில் உலகைச் சுற்றிய டார்ட்ஸுக்கும் சுவரில் ஓர் ஆணியும் மாட்டும் பலகையும் இருந்தால் ஆயிற்று. பெத்தாங்குக்கு ஆணிகூட வேண்டாம். சரளை கலந்த மண்தரையே போதும். அதில் குண்டு எந்தக் கல்லில் பட்டு எப்படித் திரும்பும் என்று குனிந்து கணிப்பதுதான் ஆட்டத்தில் பாதி.