வெப்பமானிக்கு உரைகல்

சென்னையிலிருந்து செங்கற்பட்டுக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது சிங்கப்பெருமாள் கோவில். குன்றைக் குடைந்து அமைத்த நரசிங்கப் பெருமாள் திருக்கோயிலால் பெயர் பெற்ற ஊர் அது. அங்கிருந்து ஒரகடம் வழியாகத் திருப்பெரும்பூதூர் செல்லும் சாலையை அடுத்து, மோட்டார் வண்டிகளையும் அவற்றின் உறுப்புகளையும் ஆக்கும் தொழிற்சாலைகள் இன்று மிகுந்துள்ளன.

வண்டியின் பல்சக்கரம் எஃகினால் ஆவது. அதனை உலையிற் செக்கச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து வன்மை ஏற்றுவர். வெப்பம் குறையின் எஃகு வன்மை பெறாது. மிகின் நொறுங்கும் தன்மை எய்தும். உலையின் வெப்பத்தைக் காட்டும் கருவி கண்ணாடிக் குழல் அன்று. இருவேறு உலோகக் கம்பிகளை முனையிற் பிணைத்த வெப்ப மின்னிரட்டை. அக்கருவியே பிழைபடக் காட்டினால், ஓடும் வண்டியிற் பல் முறியும். அதில் ஏறிச் செல்வோர்க்கும் இடர் விளையும். ஆதலின், பொன்னுக்கு உரைகல் இருத்தல்போல, வெப்பமானிக்கும் ஓர் உரைகல் வேண்டும்.

அதனை இயற்கையே அளித்துள்ளது. பனிக்கட்டியும் நீரும் கலந்த கலத்தைக் கிளறிக்கொண்டே சூடேற்றினாலும், கட்டி முழுதும் கரையுமளவும் வெப்பநிலை ஏறாது. ஊட்டிய வெப்பமெல்லாம் உருக்குவதிலேயே செலவாகிறது. தூய பொருள் உறையும்போதும் இவ்வாறே வெப்பநிலை மாறாது நிற்கும். நீரின் கொதிநிலையோ அத்துணை நம்பத்தக்கதன்று. காற்றழுத்தம் குறைந்த உதகமண்டலத்தில் ஏறத்தாழ 93 பாகையிலேயே நீர் கொதித்துவிடுகிறது. அங்குப் பருப்பு எளிதில் வேகாமைக்குக் காரணம் இதுவே.

1990-ஆம் ஆண்டு உலக நாடுகள் ஏற்ற வெப்ப அளவுமுறையில், பனிக்கட்டி, நீர், நீராவி ஆகிய மூன்றும் ஒருங்கிருக்கும் நிலை 0.01 பாகை செல்சியசு. உள்ளங்கையில் வைத்தாலே உருகும் காலியத்தின் உருகுநிலை 29.7646 பாகை. வெள்ளீயம் 231.928 பாகையிலும், துத்தநாகம் 419.527 பாகையிலும், அலுமினியம் 660.323 பாகையிலும், வெள்ளி 961.78 பாகையிலும் உறைகின்றன. இவற்றிற்குத் தூய்மையே உயிர். பனிக்கட்டியில் உப்பிட்டால் அதன் உருகுநிலை தாழ்வதுபோல, மாசு கலந்த உலோகமும் தன் நிலையினின்று வழுவும். ஆதலின், பத்து இலட்சத்தில் ஒரு பங்களவே மாசுடைய உலோகத்தைத் தேர்ந்து கொள்வர்.

அத்தகைய துத்தநாகத்தைக் காரீயகக் குகையிலிட்டு உருக்கி, மெல்ல ஆறவிடுவர். அதன் வெப்பம் உறைநிலைக்கும் சற்றுக் கீழே இறங்கி, உறையத் தொடங்கியதும் மீண்டும் ஏறி, நெடுநேரம் அசையாது நிற்கும். அப்போது அதனுள் செருகிய வெப்பமானி 420 பாகை காட்டினால், அது அரைப் பாகைக்குச் சற்றுக் குறைந்த அளவு மிகைப்படக் காட்டுகிறது என்பது தெளிவு. அப்பிழையைச் சான்றிதழிற் குறித்து வைப்பர்.

புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் நம் நாட்டின் வெப்ப அளவுகளைக் காத்து வருகிறது. அங்குச் சோதித்த வெப்பமானியோடு அளவுத் திருத்தகங்களின் வெப்பமானிகளும், அவற்றோடு தொழிற்சாலைக் கருவிகளும் ஒப்பிடப்பெறும். உலையில் நாள்தோறும் வேகும் மின்னிரட்டை நாளடைவில் அளவு பிறழும். ஆதலின், குறித்த காலந்தோறும் அதனை மீண்டும் சோதிப்பர். பிழை மிகுந்ததாயின், கழித்துவிட்டுப் புதியது பூட்டுவர்.