கழற்றிப் பார்க்கும் கைகள்

சில மாதங்களுக்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை. ஐந்தாம் ஆண்டில் படிக்கும் ஒரு மாணவனின் தாயார் இடுப்பில் கைக்குழந்தையோடு என் வகுப்பு வாசலில் வந்து நின்றார். மறு கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மின்விசிறியின் தலைப்பாகம், இறக்கை, சில திருகாணிகள்.

"சார், இவனைக் கொஞ்சம் கண்டிச்சு வையுங்க. வீட்டுல ஒரு சாமானை விட்டு வைக்க மாட்டேங்கிறான். போன மாசம் கடிகாரம். இந்த மாசம் காத்தாடி. இருக்கிறதே அது ஒண்ணுதான். ராத்திரி பூரா பிள்ளைக்கு அட்டையால விசிறிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

பையன் தாயின் பின்னால் தலைகுனிந்து நின்றான். "ஏன் தம்பி கழற்றினாய்?" என்று கேட்டேன்.

"மெதுவா சுத்துச்சு சார். ஏன்னு பார்த்தேன்" என்றான்.

"கழற்றுவதற்கு முன் பிளக்கைப் பிடுங்கினாயா?"

"சுவிட்சை அடைச்சிட்டேன் சார்."

பிளக்கை அவன் பிடுங்கவில்லை. தாயின் கோபத்தில் நியாயம் இருந்தது. மகனின் கேள்வியிலும் நியாயம் இருந்தது. ஆனால் அவனுடைய கடைசிப் பதிலைக் கேட்டதும் எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அந்தப் பதிலைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

ஒரு பொருள் ஏன் இப்படி ஓடுகிறது என்று திறந்து பார்க்கும் ஆசை குற்றமன்று. கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்களின் பெயரை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். 1893-இல் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் மனம் செல்லாதவர். இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டி வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்து, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கினார். வாங்கியதும் ஊரைச் சுற்றி வரவில்லை. பாகம் பாகமாகக் கழற்றிப் பார்த்துவிட்டு மீண்டும் பூட்டினார். பின்னாளில் பேருந்துத் தொழிலிலும் இயந்திரத் தொழிலிலும் பெரும்புகழ் பெற்றார். கழற்றியதை மீண்டும் பூட்டினார் என்பதைப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். கழற்றிப் பார்த்ததற்காக அவரை யாரும் முடக்கி வைக்கவில்லை என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

ஆனால் அந்த மோட்டார் சைக்கிள் சுவரில் செருகப்பட்ட பொருளன்று. நம் வீட்டுப் பொருள்களோ பெரும்பாலும் சுவரில் செருகப்பட்டவை. ஆகவே வீட்டிலுள்ள பொருள்களை மூன்று கூட்டமாகப் பிரித்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்போம்.

முதற் கூட்டம், சாதாரண பேட்டரியில் ஓடுபவை: கைவிளக்கு, சுவர்க் கடிகாரம், பேட்டரி வானொலி, விளையாட்டுக் கார். இவற்றில் உள்ள ஒரு பேட்டரியின் அழுத்தம் ஒன்றரை வோல்ட். பேட்டரியை எடுத்துவிட்டுத் தாராளமாகத் திறந்து பார்க்கலாம். கெட்டுப்போனால் ஒரு பொருள் போகும், உயிர் போகாது.

இரண்டாம் கூட்டம், பிளக் வைத்தவை: மின்விசிறி, இஸ்திரிப் பெட்டி, கேத்தல். நம் நாட்டுச் சுவரில் வரும் மின்சாரத்தின் அழுத்தம் 230 வோல்ட். இவற்றைப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது, பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே மேசைமேல் வைத்த பிறகுதான் தொட வேண்டும். சுவிட்சை அடைத்தால் போதாது. நாம் குனிந்து வேலை செய்யும்போது வேறொருவர் வந்து அதைத் தட்டிவிடலாம். கம்பியை மாற்றிப் பூட்டிய பழைய வீடுகளில், சுவிட்சை அடைத்த பிறகும் பொருளுக்குள் மின்சாரம் நிற்கலாம்.

மூன்றாம் கூட்டம், பிளக்கைப் பிடுங்கினாலும் திறக்கக் கூடாதவை. மைக்ரோவேவ் அடுப்புக்குள் மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கொள்கலன் ஒன்று உண்டு. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது ஆளைக் கொல்லும் வலுவோடு இருக்கலாம். பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியும் அப்படித்தான். கைப்பேசியின் லித்தியம் பேட்டரியைக் குத்தினாலோ வளைத்தாலோ தீப்பற்றும். அது உப்பியிருந்தால் உடனே பயன்படுத்துவதை நிறுத்திப் பழுதுபார்க்கும் கடையில் ஒப்படைத்துவிடுங்கள். குப்பைத் தொட்டியில் போடாதீர்கள். கைப்பேசியைத் தலையணைக்கு அடியில் வைத்து மின்னேற்றவும் வேண்டாம். இவற்றோடு சுவருக்குள் ஓடும் கம்பிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவற்றில் கை வைக்க வேண்டியவர் உரிமம் பெற்ற வயர்மேன் மட்டுமே.

இனி, நாம் தினமும் தொடும் பிளக்கைக் கொஞ்சம் திறந்து பார்ப்போம்.

நாம் பயன்படுத்தும் சதுரக் கால் பிளக் பிரிட்டனிலிருந்து வந்தது. அதற்கான தரம் அங்கே 1947-இல் வகுக்கப்பட்டது. மூன்று கால்களில் ஒன்று நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது நிலக்கம்பியின் கால். அது முதலில் நுழைந்து, மற்ற இரண்டு துளைகளை மூடியிருக்கும் சிறு கதவுகளைத் திறந்துவிடுகிறது. குழந்தை கம்பியைக் கொண்டுபோய்ச் சுவரில் நுழைத்துவிடாமல் காப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆகவே அந்தக் கதவைத் திருப்புளியால் நெம்பித் திறந்து இரண்டு கால் பிளக்கைச் செருகுவது, காவல்காரனின் கையைக் கட்டிவிட்டுக் கதவைத் திறப்பதற்குச் சமம்.

பிளக்கின் மூடியைக் கழற்றி, நீளக் கால் மேலே இருக்கும்படி உட்பக்கத்தைப் பாருங்கள். வலப்பக்கம் பழுப்புக் கம்பி. மின்சாரம் வரும் வழி அது. இடப்பக்கம் நீலக் கம்பி, திரும்பும் வழி. மேலே பச்சையும் மஞ்சளும் கலந்த கம்பி, அதுதான் நிலக்கம்பி. பழுப்புக் கம்பியின் பக்கத்தில் ஒரு சிறு குழாய் இருக்கும். அதுதான் பியூஸ்.

பியூஸ் குழாய்க்குள் இருப்பது மெல்லிய கம்பி. அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் அது சூடேறி உருகி அறுந்துவிடும், மின்சாரம் நிற்கும். எந்தப் பொருளுக்கு எந்தப் பியூஸ் என்பதை ஐந்தாம் ஆண்டுக் கணக்கிலேயே கண்டுபிடிக்கலாம். பொருளின் மேல் எழுதியிருக்கும் வாட் எண்ணை 230-ஆல் வகுங்கள். 50 வாட் மின்விசிறிக்கு வருவது கால் ஆம்பியருக்கும் குறைவு. 3 ஆம்பியர் பியூஸ் போதும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு வருவது 4.3 ஆம்பியர், 5 ஆம்பியர் பியூஸ் பொருந்தும். 2200 வாட் கேத்தலுக்கு வருவது 9.6 ஆம்பியர், 13 ஆம்பியர் பியூஸ் போடலாம்.

"எல்லாவற்றுக்கும் 13 போட்டால் என்ன சார்?" என்று கேட்பீர்கள். மின்விசிறியின் கம்பி மெல்லியது. உள்ளே கோளாறு ஏற்பட்டு அதில் 10 ஆம்பியர் ஓடினால், 13 ஆம்பியர் பியூஸ் அசையாமல் இருக்கும்; கம்பிதான் சூடேறும். உருக வேண்டியது உருகாவிட்டால், எரியக் கூடாதது எரியும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. 1980-களின் கடைசியில், எங்கள் லயத்துக்கு இரவு முழுவதும் மின்சாரம் வரத் தொடங்கிய காலம். என் தந்தையார் பால்மரம் வெட்டுபவர். வீட்டில் ஒரு பழைய இஸ்திரிப் பெட்டி இருந்தது. ஒரு மாதத்தில் இரண்டு முறை அதன் பியூஸ் போய்விட்டது. மூன்றாம் முறை போனபோது கடை பூட்டியிருந்தது. மறுநாள் எனக்குப் பள்ளியில் பரிசளிப்பு விழா. சட்டை கசங்கிக் கிடந்தது. அப்பா சிகரெட் பெட்டியிலிருந்த ஈயத்தாளைச் சுருட்டிப் பியூஸ் இருந்த இடத்தில் வைத்துவிட்டார். பெட்டியும் சூடாயிற்று. "பார்த்தியா, அப்பா வேலையை!" என்று சிரித்தார்.

அன்றிரவு என் சட்டை பாதி தேய்த்தபோது, பெட்டியின் கழுத்தருகே கம்பியிலிருந்து புகை வந்தது. வளைந்து வளைந்து உள்ளே நைந்துபோன கம்பி அது. மேசைமேல் விரித்திருந்த போர்வை பற்றிக்கொண்டது. அப்பா வெறுங்கையால் பிளக்கைப் பிடுங்கினார். நெருப்பை அணைத்துவிட்டோம். ஆனால் அவருடைய வலது உள்ளங்கை வெந்துபோனது. மூன்று வாரம் கத்தி பிடிக்க முடியவில்லை. மூன்று வாரக் கூலியும் போயிற்று.

பியூஸ் இரண்டு முறை எங்களிடம் பேசியிருக்கிறது. "உள்ளே கம்பி நைந்திருக்கிறது, பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை, மூன்றாம் முறை அதன் வாயை ஈயத்தாளால் அடைத்துவிட்டோம். அந்தப் பியூஸின் விலை ஒரு குவளைத் தேநீரின் விலைகூட இல்லை. பியூஸ் போனால் புதிதாக ஒன்று போடுங்கள். அதுவும் போனால் பொருளைப் பாருங்கள். ஈயத்தாள், ஆணி, செம்புக் கம்பி இவற்றைத் தேடாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பியூஸ் வீட்டைக் காக்கும், ஆளைக் காக்காது. மனித உடம்பில் ஆயிரத்தில் 30 பங்கு ஆம்பியர் பாய்ந்தாலே இதயம் நின்றுபோகக் கூடும். 3 ஆம்பியர் பியூஸுக்கு அது தெரியவே தெரியாது. அதற்காகத்தான் மின்பெட்டியில் இ.எல்.சி.பி. என்று நாம் அழைக்கும் காவலன் இருக்கிறது. போகும் மின்சாரமும் திரும்பும் மின்சாரமும் சமமாக இருக்கின்றனவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். எங்காவது கசிந்து குறைந்தால் நொடிக்குள் துண்டித்துவிடும். அதன்மேல் சிறு பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒரு முறை அதை அழுத்திப் பாருங்கள். கீழே விழுந்தால் காவலன் விழித்திருக்கிறான் என்று பொருள். விழாவிட்டால் உடனே வயர்மேனைக் கூப்பிடுங்கள்.

அது அடிக்கடி விழுந்தால் சலித்துக்கொண்டு கயிறு போட்டுக் கட்டிவிடாதீர்கள். வீட்டிலுள்ள எல்லாப் பிளக்குகளையும் பிடுங்குங்கள். பிறகு அதை மேலே தள்ளிவிட்டு, ஒவ்வொன்றாகச் செருகிப் போட்டுப் பாருங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, கோளாறு அதில்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது பெரிய பொறியியலாளரும் கையாளும் முறை. அதை நம் சமையலறையிலேயே பிள்ளைக்குக் கற்றுத் தரலாம்.

இக்காலப் பிள்ளைகள் கைப்பேசியில் படக்காட்சிகளைப் பார்த்துப் பழுது பார்க்கக் கற்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்தப் படம் எந்த நாட்டில் எடுக்கப்பட்டது என்று முதலில் கேளுங்கள். அமெரிக்காவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ட். அங்கே கறுப்புக் கம்பியில் மின்சாரம் வரும். வெள்ளைக் கம்பியில் திரும்பும். நம் பழைய வீடுகளிலோ சிவப்பில் வரும், கறுப்பில் திரும்பும். அமெரிக்கப் படத்தைப் பார்த்த பிள்ளை, கறுப்புக்கு மட்டும் அஞ்சி, சிவப்பைத் தைரியமாகத் தொட்டால் என்ன ஆகும்? படம் காட்டியவர் பொய் சொல்லவில்லை. அவர் தம் வீட்டைப் பற்றிச் சொன்னார். நாம் நம் வீட்டில் இருக்கிறோம்.

எவருக்காவது மின்சாரம் பாய்ந்துவிட்டால், பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள், நீங்களும் மாட்டிக்கொள்வீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள். அது முடியாவிட்டால், ஈரமில்லாத இடத்தில் நின்று, உலர்ந்த துடைப்பக் கட்டையால் அவரை விலக்குங்கள். பிறகு 999-ஐ அழையுங்கள்.

சரி, அந்த மின்விசிறி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அன்று பள்ளி முடிந்ததும் அதை என் மேசையில் வைத்தோம். பிளக்கை மேசையின் நடுவே, இருவர் கண்ணுக்கும் தெரியும்படி வைத்தோம். ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தைக் கொடுத்து, எந்தத் திருகாணி எங்கிருந்து வந்தது என்று படம் வரையச் சொன்னேன். திருகாணிகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டான். இறக்கை பூட்டும் தண்டில் தலைமுடியும் நூலும் சுற்றிக் கிடந்தன. அவற்றின்மேல் பழைய எண்ணெய் பிசினாக உறைந்திருந்தது. அவற்றை அகற்றித் துடைத்து, தையல் இயந்திர எண்ணெய் இரண்டு சொட்டு விட்டோம். விரலால் தள்ளியதும் தண்டு லேசாகச் சுற்றியது. கம்பியில் எங்கும் வெடிப்பு இல்லை என்று பார்த்த பின் பூட்டினோம்.

தொலைந்துபோன இரண்டு திருகாணிகளுக்குப் பதில் வேறு வாங்கித் தந்தேன். மாலையில் தாயார் வந்து மின்விசிறியை வாங்கிக்கொண்டார். மகனைத் திட்டவில்லை. "இனிமேல் என்கிட்ட சொல்லிட்டுக் கழட்டு. நான் பக்கத்துல உட்காந்துக்கிறேன்" என்றார்.

பெற்றோர்களே, அந்தத் தாய் சொன்னதையே நானும் உங்களிடம் சொல்கிறேன். திருப்புளியைப் பிள்ளையிடமிருந்து பிடுங்காதீர்கள். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.